ரகுபதியின் மகப்பேறு விடுப்பு

அத்தியாயம் 4

கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் அந்தக் கறுப்பு போகவில்லை. இக்னேஷியஸ் விரலை முகர்ந்து பார்த்தான். காலையில் தின்ற இட்லி தொண்டைவரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. ராயபுரத்தில் பிறந்து முப்பத்தைந்து வருஷம் அங்கேயே மூச்சு விட்டவன் அவன். காசிமேட்டு மீன் வாடையெல்லாம் அவன் மூக்குக்கு ஒரு பொருட்டே இல்லை. இதுவோ டீசலையும் அழுகிய முட்டையையும் சேர்த்துக் காய்ச்சிய மாதிரி ஒரு நாற்றம். வந்தவள் மேசைமேல் வைத்த பிளாஸ்டிக் பைக்குள் யோசிக்காமல் கைவிட்டதுதான் அவன் செய்த தப்பு.

பைக்குள் இருந்தது ஒரு முழம் மீன் வலை. நாலு நாளைக்கு முன்னால் எண்ணூர் ஆற்றில் நனைந்தது.

வந்தவள் பெயர் மங்கை. எண்ணூர் கழிமுகத்தை ஒட்டிய நடுமேட்டுக்குப்பத்துக்காரி. அவள் புருஷன் ரகுபதி ஆற்றில் வலை போடுகிறவன். மற்ற நாட்களில் பக்கத்திலிருக்கும் கடலரசி எண்ணெய்க் கிடங்கில் ஒப்பந்தத் தொழிலாளி. போன செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றே முக்கால் வாக்கில் அந்தக் கிடங்கின் கழிவுத் தொட்டியில் ஏழாம் நம்பர் வால்வு திறந்து, வருஷக்கணக்கில் தேங்கிக் கிடந்த எண்ணெய்க் கசடு மொத்தமும் ஆற்றில் இறங்கிவிட்டது. மடவையும் கெளுத்தியும் இறாலும் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. வால்வைத் திறந்தது ரகுபதி என்று கம்பெனி சொன்னது. கம்ப்யூட்டர் பதிவில் அவன் பெயர்தான் இருந்தது.

இன்றைக்கு நாலு மணிக்கு ஊர்ப் பஞ்சாயத்து. தப்பு ரகுபதியுடையது என்று முடிவானால் குடும்பத்தை ஊரை விட்டு விலக்கி வைத்துவிடுவார்கள். ஆற்றில் வலை போடும் உரிமையும் போகும், குப்பத்தில் வீடும் போகும். பஞ்சாயத்துத் தலைவர் பிரகாஷ் மங்கையின் சொந்த அண்ணன்தான். தலைவராக இருந்துகொண்டு தங்கை வீட்டுக்குச் சாய முடியாது என்று அவர் கையை விரித்துவிட்டாராம். இதையெல்லாம் மங்கை அழாமல்தான் சொன்னாள். 

"அந்தாளே ஒத்துக்கினு கீறாரு மேடம். ஈரக் கையால போனைத் தொட்டேன், அது தொறந்துகிச்சின்னு சொல்றாரு. பஞ்சாயத்துலயும் அதையேதான் சொல்வாராம்."

மேசைக்கு அந்தப் பக்கம் சங்கமித்ரா இரண்டு தாள்களைப் படித்துக்கொண்டிருந்தாள். வியாசர்பாடிக்காரி, வயது நாற்பத்திரண்டு. மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் ஓட்டை கண்டுபிடிக்கும் வேலையைப் பதினோரு வருஷம் பார்த்தவள். ஓட்டை போட்டவனுக்குப் பதவி உயர்வும் கண்டுபிடித்தவளுக்கு வசவும் கிடைப்பதைப் பார்த்து வெறுத்துப்போய், கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு பெயிண்ட் கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் திறந்துவிட்டாள். இக்னேஷியஸ் அதில் உதவியாள். அவள் கையிலிருந்த தாள்கள் கம்பெனி பஞ்சாயத்துக்கு அனுப்பியவை. செவ்வாய்க்கிழமை ரகுபதி கம்ப்யூட்டரில் செய்தது எல்லாம் நிமிஷக் கணக்கோடு இங்கிலீஷில் அச்சாகியிருந்தது. முதல் தாளில் வால்வு வரிக்கு மட்டும் மஞ்சள் மை தடவியிருந்தார்கள். குப்பத்தில் எல்லாரும் மஞ்சளைப் பார்த்தார்கள். இரண்டாவது தாளை யாரும் புரட்டவே இல்லை.

சங்கமித்ரா புரட்டினாள். அவள் உதடு ஒரு பக்கமாகக் கோணியது.

"இக்னி, ரகுபதிக்கு இது எத்தனாவது மாசம்?"

இக்னேஷியஸ் கையை முகர்வதை நிறுத்தினான். "இன்னாது?"

"பதினொன்னு நாப்பதுக்கு போன்ல லாகின் பண்ணிருக்காரு. நாப்பத்திரெண்டுக்கு வால்வைத் தொறந்துட்டாரு. நாப்பத்தினாலுக்கு மகப்பேறு விடுப்பு கேட்டு விண்ணப்பம் போட்டிருக்காரு. ஆறு மாசம்."

"யக்கா, எங்க எல்லாரையும் உட்டுட்டு உன்கிட்டயாவது ஒரு வார்த்த சொல்லிருக்கலாம் மாமா" என்றான் இக்னேஷியஸ் மங்கையிடம். நாலு நாளில் முதல் தடவையாக மங்கையின் முகத்தில் ஏதோ ஒன்று அசைந்தது.

அதற்கு அடுத்த வரி இன்னும் விசேஷம். பதினொன்று நாற்பத்தாறுக்கு ரகுபதி கேண்டீனில் இரண்டு தயிர் சாதம் சொல்லியிருந்தான், ஊறுகாய் தனியாக. மீன் இல்லாமல் அவருக்குச் சோறே இறங்காது, தயிரைக் கண்டால் எழுந்து போய்விடுவார் என்றாள் மங்கை. அதுவும் அந்த நேரத்தில் அவர் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாராம்.

"ஒரு ஆளை மாட்டி வுடணும்னா அளவா எழுதணும்" என்று சங்கமித்ரா தாள்களை மடித்தாள். "கம்பெனிக்காரங்க தாங்க கொடுத்ததையாவது ஒரு தடவை படிச்சுப் பாத்திருக்கலாம். வா, கடலரசியில யாரு முழுகாம இருக்காங்கன்னு பாப்போம்."

மணி அப்போது பத்தே கால்.

*

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. அவற்றின் இடுக்கில் ஸ்கூட்டரை நுழைத்து நுழைத்து இக்னேஷியஸ் ஓட்ட, நிலக்கரித் தூசு இருவர் பல்லிலும் நறநறத்தது. கடலரசிக் கிடங்கின் வாசலுக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்து, ரோஜாச் செடி வைத்து, 'ஆற்றைக் காப்போம்' என்று போர்டு மாட்டியிருந்தார்கள். அந்தப் போர்டைப் பார்த்ததும் இக்னேஷியஸுக்குத் துப்ப வேண்டும்போல இருந்தது. வாயில் இருந்த தூசைச் சாக்காக வைத்துத் துப்பியும் விட்டான்.

தேடவேண்டிய சிரமமே இருக்கவில்லை. கேட்டில் லாரிகளுக்கு எடை போட்டு சீட்டுக் கொடுக்கும் பவானிக்கு ஏழாம் மாசம். இடைவேளையில் எதிர் டீக்கடைக்கு வந்தவளிடம் சங்கமித்ரா விடுப்பைப் பற்றிக் கேட்டாளோ இல்லையோ, பொருமித் தீர்த்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை கேட் கம்ப்யூட்டரிலிருந்து அவள் விண்ணப்பம் போட்டாள். ஆபீஸில் கேட்டால் அப்படி ஒன்று வரவே இல்லை என்கிறார்கள், மறுபடி கேட்டால் வேலையை விட்டுப் போகச் சொல்கிறார்கள்.

"அப்புறம் சாப்பாடு சொன்னியா?"

"தயிர் சாதம். ரெண்டு. ஒண்ணு எனக்கு, ஒண்ணு உள்ள கீறதுக்கு." பவானி வயிற்றைத் தடவிக்கொண்டாள். "அதுவும் வர்ல. கேண்டீன்காரன் ரகுபதி தயிர் சாதம், ரகுபதி தயிர் சாதம்னு கத்திகினே இருந்தான். கடசில எவனோ எடுத்துத் துன்னுட்டான்."

இங்கே இது புதிதில்லை என்றாள் அவள். போன மாசம் வாட்ச்மேன் செய்த ராத்திரி டூட்டி எலெக்ட்ரீஷியன் பெயரில் ஏறிவிட்டது. எலெக்ட்ரீஷியன் வாயை மூடிக்கொண்டான், வாட்ச்மேன் அழுதான். யாரிடம் சொன்னாலும் கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்று பதில் வருகிறது. இந்தக் கம்ப்யூட்டர் சமாச்சாரத்தை எழுதியவன் நிலவன் என்று ஒருத்தன், நல்ல பையன்தான், மத்தியானம் திருவொற்றியூர் தேரடியில் ஜூஸ் குடிக்க வருவான் என்று அடையாளமும் சொன்னாள்.

*

நிலவன் சாத்துக்குடி ஜூஸை வாங்கி வைத்துவிட்டுக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தான். சங்கமித்ரா இரண்டாவது தாளை அவன் முன்னால் வைத்ததும் மகப்பேறு விடுப்பு வரியைப் பார்த்தான், கண்ணை மூடிக்கொண்டான். அவனுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"சிங்கிள்டனா?" என்று கேட்டாள் சங்கமித்ரா.

"ஆமா மேடம். நான் வச்சதுதான்."

இக்னேஷியஸின் முகத்தைப் பார்த்துவிட்டு நிலவன் பொறுமையாக விளக்கினான். மென்பொருளில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு அச்சு வைத்திருப்பார்கள். பத்துப் பேர் கேட்டால் அந்த அச்சிலிருந்து பத்துப் பொருள் வார்த்துக் கொடுப்பார்கள். சில வேலைக்கு மட்டும், இந்த அச்சில் ஒன்றுதான் வார்க்கலாம், யார் வந்து கேட்டாலும் அந்த ஒன்றையே கொடு என்று கட்டுப்பாடு போடுவார்கள். அந்த முறைக்குச் சிங்கிள்டன் என்று பெயர். உலகம் முழுக்க இருக்கிறது, வைக்கிற இடத்தில் வைத்தால் ஒரு வம்பும் கிடையாது. மூன்று வருஷத்துக்கு முன்னால், 'இப்போது உள்ளே இருப்பவர் யார்' என்ற குறிப்பை நிலவன் அப்படி வைத்தான். அப்போது கிடங்கு மொத்தத்துக்கும் கன்ட்ரோல் ரூமில் ஒரே கம்ப்யூட்டர். ஒருவர் எழுந்தால்தான் அடுத்தவர் உட்கார முடியும். ஆகவே ஒரே குறிப்பு போதுமானதாக இருந்தது.

பிறகு கம்பெனி அதையே கேட்டுக்கும் கேண்டீனுக்கும் இருநூறு பேர் போனுக்கும் இழுத்து நீட்டிவிட்டது. பெயர் எழுதுகிற இடம் மட்டும் ஒன்றாகவே இருந்துவிட்டது. கடைசியாக லாகின் செய்தவன் பெயர் அதில் நிற்கும். அடுத்தவன் லாகின் செய்கிறவரை, ஏற்கெனவே உள்ளே இருக்கும் யார் எதைச் செய்தாலும் அந்தக் கடைசி ஆள் பெயரில்தான் போய் விழும். செய்தி அனுப்பினாலும் அவன் போனுக்குத்தான் போகும்.

"புரிஞ்சிச்சு" என்றான் இக்னேஷியஸ். "எங்க லைன் வூட்ல பன்னெண்டு குடும்பத்துக்கு ஒரே கக்கூஸ். கடசியா எவன் உள்ள போனதப் பாத்தாங்களோ, அதுக்கப்புறம் எவன் போயி அசிங்கம் பண்ணாலும் அவன் பேருதான் நாறும். நானே ரெண்டு வாட்டி மாட்டிகினு கீறேன்."

நாலு வருஷம் காலேஜில் யாரும் இவ்வளவு தெளிவாகச் சொல்லிக் கொடுக்கவில்லை என்று சொல்லிவிட்டு நிலவன் ஜூஸ் டம்ளரைத் தூரத் தள்ளி வைத்தான்.

போனில் வால்வுகளின் பட்டியலைப் பார்க்கலாமே தவிரத் திறக்க முடியாது என்றும் அவன் சொன்னான். திறக்கிற பட்டன் கன்ட்ரோல் ரூம் கம்ப்யூட்டரில் மட்டும்தான். பகல் நேரத்தில் அங்கே உட்கார்ந்திருப்பது மேனேஜர் ரேகா. காலையிலேயே லாகின் செய்துவிட்டு மாலைவரை அந்த நாற்காலியை விட்டு எழ மாட்டார். காசு செலவழித்துக் கசடை லாரியில் ஏற்றி முறைப்படி அப்புறப்படுத்தச் சொல்லி மேலிடத்திலிருந்து இரண்டு மாசமாக அவரை நெருக்கிக்கொண்டிருந்தார்கள்.

"இந்த ஓட்டை ரேகாவுக்குத் தெரியுமா?"

நிலவன் போனை எடுத்து ஒரு பழைய மெயிலைத் திறந்து நீட்டினான். எட்டு மாசத்துக்கு முன்னால் ரேகாவுக்கு அவன் எழுதியது. மூன்று வாரம் கொடுத்தால் சரிசெய்துவிடுகிறேன் என்று கெஞ்சியிருந்தான். மேனேஜருக்குப் புரியவேண்டுமே என்று ஒரு எடுத்துக்காட்டும் கொடுத்திருந்தான்: ஒரு தொழிலாளியைப் போனில் லாகின் செய்யச் சொல்லிவிட்டு, அடுத்த நிமிஷம் நீங்கள் இங்கிருந்து ஏழாம் வால்வைத் திறந்தால் அவர்தான் திறந்தார் என்று பதிவாகும். கீழே ரேகாவின் பதில் ஒரே வரி. பார்த்தேன், இப்படியே இருக்கட்டும்.

"நான் பழுதுன்னு எழுதினேன் மேடம். அவங்க அதைச் சமையல் குறிப்பா வச்சிருந்திருக்காங்க." நிலவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "ஏழாம் நம்பரைக் கூட மாத்தல."

இக்னேஷியஸுக்கு மறுபடியும் அந்த நாற்றம் மூக்கில் ஏறியது. கையைப் பார்த்துக்கொண்டான். கையில் இருந்த கறுப்பாவது கறுப்பாக இருந்தது. ஏசி அறையில் உட்கார்ந்து ஒரு சுத்தமான விரலால் ஒரு பட்டனை அழுத்தி, ஒரு ஆற்றையும் ஒரு குடும்பத்தையும் சேர்த்து நாறடித்துவிட்டு, அந்தம்மா அன்றைக்கு மத்தியானம் என்ன சாப்பிட்டிருப்பார் என்று நினைத்தான். அந்தத் தயிர் சாதத்தைக்கூட அவரே சாப்பிட்டிருப்பார் என்று தோன்றியது.

அந்த மெயிலைத் தனக்கு அனுப்பும்படி சங்கமித்ரா கேட்டாள். அனுப்பினால் வேலை போய்விடும் என்றான் நிலவன். அவள் வற்புறுத்தவில்லை, ஆபீஸிலிருந்து கூடவே கொண்டு வந்திருந்த பிளாஸ்டிக் பையிலிருந்து வலைத் துண்டை மட்டும் எடுத்து அவன் முன்னால் வைத்தாள். அவன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு அனுப்பிவிட்டான்.

*

இனி ஒரே ஒரு கேள்விதான் பாக்கி. பதினொன்று நாற்பதுக்கு ரகுபதி லாகின் செய்வான் என்று ரேகாவுக்கு எப்படித் தெரியும்? யாரோ செய்யச் சொல்லியிருக்க வேண்டும்.

ரகுபதி ஆற்றங்கரையில் கவிழ்த்துப் போட்ட படகைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தான். அலையாத்திச் செடிகளின் இடுப்புவரை கறுப்புக் கோடு. கரையெல்லாம் ஊதி வெடித்த மீன்கள். காக்கைகள் பக்கத்தில் வந்து பார்த்துவிட்டுத் தொடாமல் பறந்தன. காக்கையே வேண்டாம் என்று போகிற மீனை இக்னேஷியஸ் அன்றுதான் பார்த்தான். கைக்குட்டையால் மூக்கைக் கட்டிக்கொண்டான். ரகுபதி வெறும் மூக்கோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வெட்கப்பட்டு அவிழ்த்துவிட்டான்.

நான்தான் செய்தேன், தேவையில்லாமல் அலைகிறீர்கள் என்றான் ரகுபதி. செவ்வாய்க்கிழமை அவனுடைய பாடு. ஆற்றில் அந்த இடத்தில் வலை போட ஊருக்கு முறை உண்டு, ஒரு நாளைக்கு ஒரு வீடு, அதற்குத்தான் பாடு என்று பெயர். ரகுபதி வீட்டுக்குப் பன்னிரண்டு நாளைக்கு ஒரு முறை வரும். வலையைக் கட்டிவிட்டுத் தண்ணீரில் நின்றபோது கழுத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் தொங்கிய போனைத் தொட்டு லாகின் செய்தான். இரண்டு நிமிஷத்தில் ஒரு மெசேஜ் வந்தது. இங்கிலீஷ் தெரியாது, ஆனால் ஏழு என்ற எண்ணும் வால்வு என்ற எழுத்தும் கிடங்கில் தினமும் பார்ப்பதுதான். சற்று நேரத்தில் தண்ணீர் கறுத்துக்கொண்டு வந்து அவன் வலையில்தான் முதலில் ஏறியது.

"என் கட்டைவிரல்தான் மேடம்" என்று அந்த விரலைக் காட்டினான். "எந்தப் பட்டன்ல பட்டுச்சோ."

சங்கமித்ரா அவன் போனை வாங்கி, அந்த மெசேஜுக்குக் கீழே அவன் திறந்தே பார்க்காமல் விட்ட இரண்டையும் படித்துச் சொன்னாள். உங்கள் மகப்பேறு விடுப்பு விண்ணப்பம் பெறப்பட்டது. உங்கள் தயிர் சாதம் இரண்டு, ஊறுகாய் தனி. அதையும் கட்டைவிரல்தான் செய்ததா என்று கேட்டாள். பிறகு திறக்கிற பட்டன் அவன் போனில் கிடையவே கிடையாது என்றும் சொன்னாள்.

ரகுபதி நாரைக் கீழே போட்டான். படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தான்.

"அப்ப நான் தொறக்கல."

"இல்ல."

"நாலு நாளா இந்தக் கையால புள்ளைங்களைத் தூக்கல மேடம்" என்றான்.  இக்னேஷியஸ் ஆற்றின் பக்கம் திரும்பிக்கொண்டான். கண் எரிச்சலுக்குக் கசடைக் காரணம் சொல்லிக்கொள்ளலாம்.

லாகின் செய்யச் சொன்னது யார் என்று சங்கமித்ரா கேட்டபோதுதான் விநோதமான காரியம் நடந்தது. அதுவரை பேசியவன் வாயை இறுக மூடிக்கொண்டான். அவள் அவன் போனில் செவ்வாய்க்கிழமை வந்த அழைப்புகளைத் தள்ளிப் பார்த்தாள். ஒரு இடத்தில் விரல் நின்றது. பிணவாடைக்குக்கூட முகம் சுளிக்காதவள் முகம் சுளித்தாள்.

"அது வேணாம் மேடம்" என்றான் ரகுபதி மெதுவாக. "நான் தொறக்கலன்னு மட்டும் சொல்லுங்க. போதும்."

யார், யார் என்று இக்னேஷியஸ் நச்சரித்தான். சங்கமித்ரா போனைத் தன் பையில் போட்டுக்கொண்டு, பவானியின் நம்பர் இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள்.

*

எல்லையம்மன் கோயில் முன்னால் குப்பமே திரண்டிருந்தது. மண்டபத் தூணில் ஒரு சிலேட்டுப் பலகை தொங்கியது. அன்றன்றைக்கு யார் பாடு என்று அதில்தான் எழுதுவார்கள். செவ்வாய்க்குப் பிறகு யாரும் ஆற்றில் இறங்காததால் ரகுபதி என்ற பெயர் அழியாமல் அப்படியே இருந்தது.

விசாரணைக்கு நிற்கிறவன் துண்டைத் தோளில் போடக்கூடாது, இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது ஊர் வழக்கம். ரகுபதி இடுப்பில் துண்டோடு நின்றான். எதிரே நாற்காலியில், வெளுத்த சட்டையும் தோளில் சரிகைத் துண்டுமாகப் பிரகாஷ். கடலரசிக்கு ஆள் அனுப்பும் ஒப்பந்தமும் அவருடையதுதான் என்பதால் கம்பெனி தாளை அவரே வாசித்து முடித்து, தங்கை புருஷன் என்று பார்க்க முடியாது, ஊர்தான் எனக்குப் பெரிது என்று தழுதழுத்தார். மூன்றாவது வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சங்கமித்ரா எழுந்து இரண்டே நிமிஷம் கேட்டாள். தூணிலிருந்த சிலேட்டைக் காட்டினாள். ஆறு முழுக்க ஆளுக்கொரு இடத்தில் வலை போடுகிறார்கள், ஆனால் பெயர் எழுத ஊருக்கு இந்த ஒரு பலகைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். கடைசியாகப் பெயர் எழுதியது ரகுபதி. அதற்கப்புறம் எவன் எங்கே எதைப் பிடித்தாலும், எதைக் கெடுத்தாலும், பலகையைப் பார்க்கிறவனுக்கு ரகுபதி செய்ததாகத்தான் தெரியும். கடலரசியின் கம்ப்யூட்டர் அப்படிப்பட்ட பலகை.

யாரும் நம்பவில்லை. கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்றார் பிரகாஷ்.

"அப்ப நீங்களே லாகின் பண்ணுங்க தலைவரே. உங்க போன்லயும் அது கீதுல்ல. பண்ணிட்டு மேசைமேல வச்சிடுங்க, தொடாதீங்க."

கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கும்போது மாட்டேன் என்று சொல்ல முடியுமா? பிரகாஷ் செய்தார், வைத்தார். இக்னேஷியஸ் கோயில் பின்பக்கம் போய் பவானிக்கு மிஸ்டு கால் கொடுத்துவிட்டு வந்து நின்றான். ஒரு நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை.  அப்புறம் மேசைமேல் போன் இரண்டு தடவை உறுமியது.

தபால் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எடுத்துத் தமிழில் படித்துச் சொன்னார்.

"அன்புள்ள பிரகாஷ், உங்கள் பத்து மசால் வடை பதிவாகிவிட்டது."

சிரிப்பு கிளம்பிப் பாதியிலேயே நின்றுவிட்டது. மற்றதை ஒவ்வொருவரும் தாங்களாகவே புரிந்துகொண்டிருந்தார்கள். சங்கமித்ரா மிச்சத்தைச் சொன்னாள்: கிடங்கு கேட்டிலிருந்து வேறொருவர் சொன்ன வடையை, கன்ட்ரோல் ரூம் பட்டனை, ரேகாவுக்குப் போன மெயிலை, வந்த ஒரு வரி பதிலை. அந்த மெயில் இந்நேரம் போலீஸ் கையில் இருக்கும் என்றும் சொன்னாள். ஊர்க்காரன் ஒருவன் தலையில் கட்டிவிட்டால் ஊர் கம்பெனியோடு சண்டைக்கு வராது, தனக்குள்ளேயே அடித்துக்கொள்ளும். கணக்கு அதுதான். ரகுபதிக்கு அன்றைக்குப் பாடு, வேலைக்கு வரமாட்டான், தண்ணீரில் நிற்பான், சாட்சிக்கு யாரும் இருக்கமாட்டார்கள். ஆனால் எந்த வீட்டுப் பாடு என்றைக்கு வரும் என்பது ஏசி அறையில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்?

"பதினொன்னு முப்பத்தெட்டுக்கு ரகுபதிக்கு ஒரு போன் வந்திருக்கு. அடுத்த ரெண்டு நிமிஷத்துல லாகின் பண்ணிருக்காரு." ரகுபதியின் போனை அவள் மங்கையிடம் நீட்டினாள். "யாருன்னு நீயே பாரும்மா."

ரகுபதி தலையைக் குனிந்துகொண்டான். மங்கை பார்த்தாள். அந்த நேரத்துக்கு நேரே 'மச்சான்' என்று இருந்தது. ரகுபதிக்கு இருப்பது ஒரே ஒரு மச்சான்தான்.

இக்னேஷியஸிடம் எப்போதும் ஒரு நக்கல் கைவசம் இருக்கும். அன்றைக்கு அவன் தன் கறுத்த விரலைச் சட்டையில் தேய்த்துக்கொண்டிருந்தான்.

பிரகாஷ் எழுந்தார். உள்ளே போய் ஷிப்ட் பார்க்கச் சொல்லு என்று ரேகா மேடம் சொன்னாங்க, சொன்னேன், எதுக்கென்று கேட்கவில்லை என்றார்.  யாரும் தலையாட்டாததால் மேலே பேசினார்.

"நம்ம ஊர்ல அறுவது பேரு அங்க வேல பாக்குறான். கம்பெனிக்குப் பூட்டு வுழுந்தா அறுவது வூட்ல அடுப்பு எரியாது. ஒருத்தன் பேரு கெட்டா..."

முடிக்காமல் தங்கை பக்கம் பார்த்தார்.

மங்கை புருஷன் பக்கத்தில் போனாள். அவன் இடுப்பிலிருந்த துண்டின் முடிச்சை அவிழ்த்தாள். நாலு நாள் கசடு ஏறி விறைத்துப் போயிருந்த துண்டு அது. உதறி, அவன் தோளில் போட்டாள். பிறகு நாற்காலி வரைக்கும் நடந்து வந்து அண்ணன் முன்னால் நின்றாள். அடித்துவிடுவாள் என்றுதான் இக்னேஷியஸ் நினைத்தான். அவளோ பிறந்த நாள் முதல் பார்த்த அந்த முகத்தை, ஆற்றில் ஊதிக் கிடந்த மீனைப் பார்த்தது மாதிரி, மூக்கைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள்.

"துண்டை இடுப்புல கட்டுண்ணா" என்றாள்.

மேசைமேல் போன் மறுபடி உறுமியது. வடை தயாராகியிருக்கும். யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. பிரகாஷ் ஊரைச் சுற்றி ஒரு தடவை பார்த்தார். ஒரு முகமும் திரும்பிக்கொள்ளவில்லை. அவர் கை மெல்ல மேலே போய்ச் சரிகைத் துண்டின் நுனியைப் பிடித்தது.